இடுப்பைச் சுற்றும் அலை

வீட்டுக் கூடத்தில் நடந்தபடி இயர்பட்ஸில் பாட்டுக் கேட்கும்போது ஒரு சிக்கலும் இருப்பதில்லை. அதே இயர்பட்ஸ், அதே போன், அதே பின் பாக்கெட். ஆனால் மொட்டை மாடிக்குப் போய் நடந்தால் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. பலருக்கும் இது நேர்ந்திருக்கும். சுவர்தான் சிக்னலைத் தடுக்கும் என்று நம்பி, வைஃபை பெட்டி இருக்கும் அறைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் நாம். சுவரே இல்லாத வெட்டவெளியில், ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்குள் பேச்சு அறுந்துபோவது எப்படி?

அவற்றுக்கு நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள். அதுதான் காரணம்.

ப்ளூடூத் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்குகிறது. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்தியாவில் இந்தப் பட்டை 2005இல் திறந்துவிடப்பட்டது. காற்றில் இதன் அலைநீளம் சுமார் 12 செ.மீ. இந்த அலையின் கண்ணுக்கு மனித உடம்பு ஒரு உப்புத் தண்ணீர்த் தூண். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு எதிர்வினை காட்டுகிறது என்பதன் அளவை ஒப்புமை விடுதிறன் என்பார்கள். தசைக்கு அது இந்த அதிர்வெண்ணில் 50ஐத் தாண்டுகிறது; காற்றுக்கு அது 1. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால், தோலில் வந்து மோதும் ஆற்றலில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பிவிடுகிறது. உள்ளே நுழைந்த மிச்சமும் நெடுந்தூரம் போவதில்லை. தசைக்குள் 2.2 செ.மீ. போவதற்குள் அதன் ஆற்றல் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், அடுத்த 2.2 செ.மீ.யில் மறுபடியும் ஏழில் ஒன்று.

பொறியாளர்கள் இதை டெசிபெல்லில் சொல்வார்கள். 10 டெசிபெல் இழப்பு என்றால் மிஞ்சுவது பத்தில் ஒன்று, 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. தசையில் ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 4 டெசிபெல் போகிறது. 20 செ.மீ. கனமுள்ள உடம்பைக் குறுக்கே கடக்க 80 டெசிபெல். பத்துக் கோடியில் ஒரு பங்குதான் மறுபக்கம் வந்து சேரும். காற்றில் பரவும்போது ஏற்படும் வழக்கமான இழப்பு இதற்கு மேல் தனி. ஆக, வயிற்றில் கட்டிய கருவியிலிருந்து முதுகில் கட்டிய கருவிக்கு, உடம்பைத் துளைத்துக்கொண்டு சிக்னல் போகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால் சிலருக்கு இங்கே வயிற்றைக் கலக்கும். தண்ணீர் மூலக்கூறு சரியாக அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வதால்தான் அடுப்பு சூடேற்றுகிறது என்று ஒரு கதை உலவுகிறது, அது தவறு. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். 2.45இல் அவ்வளவாக உறிஞ்சாததால்தான் சூடு சோற்றின் மேல்பரப்போடு நின்றுவிடாமல் உள்ளேயும் போகிறது. அடுப்பின் ஆற்றல் 700, 800 வாட். இயர்பட்ஸ் அனுப்புவது சில மில்லிவாட். நடுவில் லட்சம் மடங்கு இருக்கிறது. அதோடு அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

துளைத்துப் போக முடியாத சிக்னல் பிறகு எப்படித்தான் போகிறது? சுற்றிக்கொண்டு போகிறது. கோயில் மண்டபத்தில் பெரிய தூணுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் பேசினால் ஆள் தெரியாது, பேச்சு கேட்கும். ஒலியின் அலைநீளம் தூணின் பருமனோடு ஒப்பிடத்தக்கதாக இருப்பதால் அது தூணின் ஓரத்தில் வளைந்து வருகிறது. பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். ப்ளூடூத் அலையும் வளைகிறது, ஆனால் அத்தனை தாராளமாக அல்ல. இடுப்பின் சுற்றளவு 90 செ.மீ. என்றால் அது இந்த அலைக்கு ஏழெட்டு அலைநீளம். வளைவில் ஒட்டி நகரும்போதே அலை ஒவ்வொரு செ.மீ.யிலும் கொஞ்சம் ஆற்றலைக் காற்றில் சிதறவிடுகிறது, கொஞ்சத்தை உடம்புக்குக் கொடுத்துவிடுகிறது. இதற்கு ஊரும் அலை என்று பெயர். அந்த நடையைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

இந்த ஊரும் அலையின் கணக்கு முதலில் போடப்பட்டது மனித உடம்புக்காக அல்ல, பூமிக்காக. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய வானொலிக் குறிப்பை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். நடுவில் சுமார் 3,400 கி.மீ. கடல். அது தட்டையாகத் தெரிந்தாலும் பூமி உருண்டை. அலை அந்த வளைவைச் சுற்றி வந்தது எப்படி என்று கணித அறிஞர்கள் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1918இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜி. என். வாட்சன் கணக்கை முடித்தார். விளிம்பு விளைவால் மட்டும் அவ்வளவு தூரம் போக முடியாது, வளைவில் ஊரும் அலை அதற்கு முன்பே தேய்ந்துவிடும் என்று வந்தது விடை. அப்படியானால் மேலே ஏதோ ஒன்று அலையைத் திருப்பி அனுப்புகிறது. ஹெவிசைட், கென்னல்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1902லேயே ஊகித்துச் சொன்ன மின்னூட்டப்பட்ட வளிமண்டல அடுக்குதான் அது. அதை இயற்பியலாளர் ஆப்பிள்டன் 1924இல் சோதித்து நிறுவினார், 1947இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இந்த வாட்சன் நமக்கு வேறு வழியிலும் அறிமுகமானவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களோடு பல ஆண்டுகள் போராடியவர் அவர். காணாமல் போனதாக நினைத்திருந்த ராமானுஜனின் கடைசித் தாள்கள், வாட்சன் இறந்த பிறகு அவருடைய காகிதங்களோடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1976இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன.

பூமிக்கு நடந்ததுதான் உங்கள் இடுப்புக்கும் நடக்கிறது. உருளை வடிவ உடம்பைச் சுற்றி அலை எவ்வளவு தேயும் என்று பார்க்க, ஆராய்ச்சியாளர்கள் வாட்சன் வழிவந்த கணிதத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். மார்க்கோனியைக் காப்பாற்றியது வானத்தில் இருந்த கூரை. இயர்பட்ஸைக் காப்பாற்றுவது உங்கள் வீட்டுக் கூரையும் சுவரும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வெட்டவெளியில் உடம்பின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு ஊர்ந்து போகிற அலை 70, 80 டெசிபெல் வரை இழக்கக்கூடும். அறைக்குள் அதே சிக்னலுக்கு இன்னொரு வழி இருக்கிறது. போனிலிருந்து கிளம்பி, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வந்தால் மொத்தம் ஆறு மீட்டர் பயணம். அந்தத் தூரத்துக்கான இழப்பு சுமார் 56 டெசிபெல். சுவர் விழுங்குவதற்கு இன்னும் எட்டோ பத்தோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 65ஐ ஒட்டி வரும். சுற்றுவழிதான், ஆனாலும் குறுக்குவழியைவிடப் பத்து மடங்கு வலுவான சிக்னலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நான்கு சுவரும் தரையும் கூரையும் என்று வழிகள் பல. ஒன்று அடைபட்டால் இன்னொன்று. மொட்டை மாடியில், கடற்கரையில், விளையாட்டுத் திடலில் இந்த வசதி எதுவும் கிடையாது. தரை மட்டும்தான் மிச்சம்.

இதுவரை நீங்கள் அசையாமல் நின்றதாக வைத்துக்கொண்டோம். நடக்கத் தொடங்கினால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

இடது மணிக்கட்டில் ஸ்மார்ட்வாட்ச், வலது முன் பாக்கெட்டில் போன். இடது கை முன்னால் வீசும்போது வாட்ச் வயிற்றுக்கு முன்னால் வருகிறது. அங்கிருந்து போன் கிட்டத்தட்ட நேர்ப் பார்வையில் இருக்கிறது. கை கீழிறங்கித் தொடையைக் கடக்கும்போது இடுப்பு குறுக்கே வந்துவிடுகிறது. பின்னால் போனதும் முழு உடம்பும் மறைக்கிறது. மறுபடியும் முன்னால் வரும்போது சிக்னல் ஏறுகிறது. சாதாரண நடையில் இந்தச் சுற்று முடிய ஒரு நொடிக்குச் சற்று முன்பின்னாக ஆகும். அந்த ஒரு நொடிக்குள் சிக்னலின் வலு 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, ஏறி இறங்குவது சர்வசாதாரணம். சிக்னல் வலுவை வரைபடமாக எடுத்தால் ஒருவர் நடக்கிறாரா ஓடுகிறாரா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பின்பக்கத்தில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. வயிற்றிலிருந்து கிளம்பும் அலை இடப்பக்கமாக ஒன்று, வலப்பக்கமாக ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து முதுகில் சந்திக்கிறது. முகடும் முகடும் சேருகிற இடத்தில் சிக்னல் கூடும். முகடும் அகடும் சேருகிற இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இத்தகைய இரண்டு பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் தூரம் அரை அலைநீளம், அதாவது ஆறு செ.மீ. பின் பாக்கெட்டில் போன் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே பாட்டின் தரம் மாறுவது இதனால்தான்.

ப்ளூடூத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருக்காமல் நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும். 79 வரிசைகள்; ஒன்றில் இரைச்சல் என்றால் அடுத்ததில் அனுப்பும். மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாவற்றுக்கும் நடுவில் அது பிழைத்துக் கிடப்பது இந்தத் தாவலால். உடம்பின் நிழலுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. அறைக்குள் சுவர்களில் பட்டு வரும் வழிகளின் நீளங்கள் பல மீட்டர் வேறுபடுவதால், ஒரு வரிசையில் சிக்னல் பள்ளத்தில் விழுந்தால் இன்னொரு வரிசையில் மேட்டில் இருக்கும், தாவினால் தப்பிக்கலாம். வெட்டவெளியில் உடம்பைச் சுற்றும் வழிகளுக்குள் வேறுபாடு ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் 80 மெகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. எங்கே தாவினாலும் நிழல்தான்.

வேகமும் காலை வாருகிறது. நொடிக்கு 1,600 முறை தாவுகிற கருவிக்கு ஒரு கை வீச்சு என்பது மிக நீண்ட காலம். கை பின்னால் இருக்கும் அரை நொடிக்குள் நூற்றுக்கணக்கான முயற்சிகள் வரிசையாகத் தோற்கலாம். எனவே பொறியாளர்கள் வேறு வழி பார்த்தார்கள்: பாட்டை உடனே ஒலிக்காமல் ஒரு சிறு சேமிப்பில் வைத்து, சற்றுத் தாமதமாக ஒலிப்பது. அந்த இடைவெளிக்குள் விட்டுப்போன துண்டுகளை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாட்டுக்கு இந்தத் தாமதம் தெரியாது. விளையாட்டிலும் தொலைபேசிப் பேச்சிலும் தெரியும். பாட்டு நன்றாக வருகிற அதே இயர்பட்ஸில் பேச்சு மட்டும் உடைவதற்கு இது முக்கியமான காரணம். கை முன்னால் வரும் நேரத்தை வாட்சுக்குள் இருக்கும் முடுக்கமானியைக் கொண்டே கணித்து, அந்த நேரத்தில் மட்டும் அனுப்பினால் மின்கலமும் மிச்சமாகும் என்று ஆய்வாளர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். உடம்பின் அசைவை எதிரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அதையே கால அட்டவணையாக்கிக்கொள்கிறது.

ஆன்டெனாவின் கோணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அலையின் மின்புலம் தோலுக்கு இணையாகப் படிந்திருந்தால் மின்சாரம் கடத்தும் உடம்பு அதை அமுக்கிவிடும். தோலுக்குச் செங்குத்தாக நிமிர்ந்திருந்தால் அலை பரப்பை ஒட்டி நன்றாக ஓடும். ஆகவே உடம்பில் அணியும் கருவிக்குச் சிறந்த ஆன்டெனா, தோலிலிருந்து முள் போல நிமிர்ந்து நிற்பது. அப்படி ஒரு வாட்சை யார் கட்டுவார்கள்? வாட்சைத் தட்டையாக்க விரும்பும் வடிவமைப்பாளருக்கும் ஆன்டெனாப் பொறியாளருக்கும் நடக்கும் இழுபறியில் ஜெயிப்பது பெரும்பாலும் முன்னவர்தான்.

இதையெல்லாம் சோதிக்க எதிரொலிப்பே இல்லாத அறைகள் உண்டு. சுவர் முழுக்க அலையை விழுங்கும் கூம்புகள். மனிதர்களையே உள்ளே நடக்கவிட்டு அளப்பார்கள். மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்க மனிதர்களால் முடியாது என்பதால் பொம்மைகளும் உண்டு. பொம்மைக்குள் ஊற்றும் திரவத்தில் தண்ணீரும் சர்க்கரையும் உப்பும் இருக்கும். சர்க்கரையைக் கூட்டினால் விடுதிறன் குறையும், உப்பைக் கூட்டினால் மின்கடத்துதிறன் ஏறும். இரண்டையும் அளந்து கலந்தால் ரேடியோ அலைக்குத் தசைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆஸ்திரேலியாவின் தேசியத் தகவல்தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, அன்றாட வாழ்க்கையிலும் தூக்கத்திலும் அளந்தார்கள். ஓடுகிறவரைவிடத் தூங்குகிறவரிடம்தான் சிக்கல் பெரிது. ஓடும்போது அறுந்த தொடர்பு அரை நொடியில் திரும்பிவிடும். கருவி கட்டிய கையின் மேல் ஒருவர் புரண்டு படுத்துவிட்டால், அடுத்த புரளல் வரை தொடர்பு நின்றுபோகலாம்.

இப்படி ஒரு கருவியால் நேரே எட்ட முடியாதபோது, உடம்பில் இருக்கும் மூன்றாவது கருவி செய்தியை வாங்கிக் கைமாற்றிவிடலாம். உடம்பில் அணியும் கருவிகளுக்கென்றே 2012இல் வெளியான ஐஇஇஇ 802.15.6 என்ற தரநிர்ணயம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. நன்றாகச் சிந்தித்து எழுதப்பட்ட தரநிர்ணயம் அது. சந்தையோ எல்லாப் போனிலும் ஏற்கெனவே இருக்கிற ப்ளூடூத்தோடு போய்விட்டது. சிறந்ததை விடக் கையில் இருப்பது ஜெயிக்கும் கதை இங்கேயும் நடந்தது.

கோவிட் காலத்தில் இந்த இயற்பியலை உலகமே சோதித்துப் பார்த்தது, தெரிந்து செய்ததல்ல. தொற்றுள்ளவருக்கு அருகில் யார் இருந்தார்கள் என்று கண்டறிய, 2020 ஏப்ரலில் நம் ஆரோக்கிய சேது செயலி வந்தது. பல நாடுகளும் இப்படிச் செயலிகளை வெளியிட்டன. ப்ளூடூத் சிக்னலின் வலுவை வைத்து இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தை ஊகிப்பது அவற்றின் அடிப்படை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத், ஸ்டீபன் ஃபாரல் இருவரும் ஒரு டிராம் வண்டியில் ஆட்களை உட்காரவைத்து அளந்தார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து செயலிகளின் விதிகள் அருகில் இருந்த ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியின் விதி அருகில் இருந்தவர்களில் பாதியைப் பிடித்தது; தள்ளி இருந்தவர்களிலும் பாதியைத் தவறாகப் பிடித்தது. பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அதே விடைதான். டிராமின் உலோகச் சுவர் ஒரு பக்கம் குழப்ப, போன் முன் பாக்கெட்டில் இருக்கிறதா பின் பாக்கெட்டில் இருக்கிறதா என்பதே பல மீட்டர் தூரத்தைப் பொய்யாகக் கூட்டிக் குறைக்கும்.

உடம்பு தடுக்கிறது என்றால் உடம்பையே கம்பியாக்கிக்கொண்டால் என்ன என்று கேட்டவர் தாமஸ் சிம்மர்மன். எம்ஐடியில் மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலையை ஐபிஎம்மில் தொடர்ந்தார். 1996இல் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் அது மேடையேறியது: இருவர் கை குலுக்கினால் ஒருவரின் முகவரி அட்டை இன்னொருவர் கருவிக்குப் போய்விடும். உடம்பில் ஓடிய மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த முறை பயன்படுத்தும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அலை காற்றில் ஏறக்குறையப் பரவுவதே இல்லை என்பதால் பக்கத்தில் நிற்பவர் ஒட்டுக்கேட்பதும் கடினம். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்ரேயஸ் சென் குழு இன்றும் இந்த வழியில் வேலை செய்கிறது. காதுகேள் கருவிகள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. இடக் காதுக்கும் வலக் காதுக்கும் நடுவே தலை இருக்கிறது. அதைச் சுற்றிப் போக ப்ளூடூத் திணறும். காந்தப் புலத்துக்குத் தலை இருப்பதே தெரியாது. அதனால் இரண்டு சிறு கம்பிச்சுருள்கள் காந்தத் தூண்டலில் பேசிக்கொள்கின்றன. தூரம் இரட்டித்தால் ஆற்றல் 64இல் ஒரு பங்காகிவிடும் என்பதால் தலையின் அகலத்துக்கு மேல் இதை நம்ப முடியாது. தலைக்கு அதுவே போதும்.

உடம்புக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் போன்றவற்றுக்கு 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அலை தசைக்குள் 5 செ.மீ. வரை போகும், அதாவது ப்ளூடூத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். வானிலை பலூன்களும் பேசுவது அதே பட்டையில்தான். பேஸ்மேக்கருக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் 25 மைக்ரோவாட் மட்டுமே என்பதால் அது பலூன்களைத் தொந்தரவு செய்வதில்லை.

பாட்டு அறுந்தால் எரிச்சலோடு போயிற்று. சர்க்கரை அளவைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு, அது சொல்லும் அளவுக்கு ஏற்ப இன்சுலின் செலுத்தும் பம்பை வயிற்றில் அணிகிறவர்களுக்கு அப்படி இல்லை. சென்சாரின் அளவு வந்து சேராவிட்டால் பம்பு தானாகச் சரிசெய்வதை நிறுத்திவிட்டு முன்பே பதிந்து வைத்த அளவுக்குத் திரும்பிவிடும். இரண்டையும் உடம்பின் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கொன்று மறைவில்லாமல் அணியுங்கள் என்று சில பம்புகளின் கையேட்டில் எழுதியிருப்பது இதற்காகத்தான். பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இவற்றைப் பயன்படுத்தினால், எது எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். இடம் மாற்ற வேண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.